நம் பக்கத்து ஊரின் 15 லட்சம் ஆண்டுக் கதை: அத்திரம்பாக்கம்



நம் மடலில் இதுவரை ஏரிகளைப் பற்றியும் பழைய கோயில்களைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு என்றால் நமக்கு வியப்பாக இருக்கும். இந்தமுறை இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் என்றால், சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

சென்னையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தூரத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே இருக்கிறது அத்திரம்பாக்கம். பேருந்தில் போனால் கவனிக்காமல் கடந்துவிடக்கூடிய சின்ன கிராமம். ஊரை ஒட்டி மழைநீர் அரித்த ஓடைகளும், முட்புதர் மண்டிய மேட்டு நிலமும், செம்மண்ணும் சரளையும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி கொசஸ்தலை ஆறு. பார்ப்பதற்கு இவ்வளவுதான். கோபுரம் இல்லை, கோட்டை இல்லை, இடிந்த சுவர்கூட இல்லை. ஆனால் உலகத்தில் மனிதர் எப்போது, எப்படிப் பரவினார்கள் என்று ஆராய்கிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

இந்தக் கதை தொடங்குவது அங்கே அல்ல. நாம் தினமும் ரயிலிலும் காரிலும் கடக்கும் பல்லாவரத்தில்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்த ஆங்கிலேயர். பாறைகளையும் மண்ணடுக்குகளையும் வரைபடமாக்குவதுதான் அவர் உத்தியோகம். 1863 மே 30 அன்று, பல்லாவரம் ராணுவக் குடியிருப்புக்கு அருகே சரளை தோண்டிய ஒரு பள்ளத்தில் ஒரு கல்லைப் பார்க்கிறார். உடைந்த கல் இல்லை, உடைக்கப்பட்ட கல். இரண்டு பக்கமும் தட்டித் தட்டி விளிம்பு கூராக்கப்பட்டிருந்தது. கைக்கோடரி என்று இப்போது பாடப் புத்தகத்தில் படம் போடுகிறார்களே, அந்த வகை.

ஐரோப்பாவில் இதற்கு நான்கே வருஷம் முன்புதான், 1859-இல், பிரான்சில் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த இதேபோன்ற கற்கள் மனிதன் செய்த கருவிகள்தாம் என்று பெரிய விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்குமுன் அதைச் சொன்னவரைக் கேலி செய்தார்கள். அந்தச் செய்தி சூடாக இருந்தபோது ஃபூட் சென்னையில் சரளைப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நம் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அந்தக் கல்லும் ஏதாவது ஒரு சாலைக்கு அடியில் போயிருக்கும். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அது.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, தன் சக புவியியலாளர் வில்லியம் கிங்குடன் ஃபூட் அத்திரம்பாக்கம் போய்ச் சேர்ந்தார். பல்லாவரத்தில் கிடைத்தது ஒன்று. இங்கே ஓடைக்கரை முழுக்கக் கருவிகள். சில, மழைநீர் அடித்துக்கொண்டு வந்து போட்டவை. சில, மண்ணடுக்குக்குள்ளேயே பதிந்து அப்படியே இருந்தவை. இந்த இரண்டாவது வகைதான் முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஃபூட் வாழ்நாள் முழுக்கத் தென்னிந்தியாவில் நடந்து நடந்து சேகரித்ததை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது எல்லோரும் வெண்கல நடராசரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அங்கே இருக்கும் கற்கருவிகளுக்கும் பத்து நிமிஷம் ஒதுக்கலாம்.

அந்தக் காலத்தில் ஃபூட்டுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்தக் கற்கள் எத்தனை வருஷத்தவை? மிகப் பழையவை என்று மண்ணடுக்கை வைத்துச் சொல்ல முடிந்தது. எண்ணாகச் சொல்ல வழியே இல்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் இல்லை. 1930-களில் வி.டி. கிருஷ்ணசாமி இந்த ஆற்றுப்படுகையை ஆராய்ந்தார். வெளிநாட்டிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து போனார்கள். இந்த வகைக் கைக்கோடரிகள் கிடைக்கும் தொகுதிக்கு ‘மதராசியப் பண்பாடு’ என்றே பெயர் வைத்தார்கள். உலகத் தொல்லியலில் நம் ஊர்ப் பெயர் அப்படித்தான் நுழைந்தது. 1960-களில் கே.டி. பானர்ஜி அத்திரம்பாக்கத்தில் குழி தோண்டி ஆய்வு செய்தார். காலக்கணக்கு மட்டும் பிடிபடவில்லை.

1999-இல் சாந்தி பப்பு, பின்னர் அவருடன் குமார் அகிலேஷ், சென்னையைச் சேர்ந்த சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் அங்கே மீண்டும் அகழாய்வு தொடங்கினார்கள். பிரான்சு விஞ்ஞானிகளும் சேர்ந்துகொண்டார்கள். குழி இரண்டு மாடி உயரத்துக்கும் மேலான ஆழத்துக்குப் போயிற்று. அடுக்கு அடுக்காகக் களிமண், சரளை, மறுபடி மண். நம் வளாகத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது இயந்திரம் சில நாளில் முடித்த ஆழத்தை இவர்கள் சென்டிமீட்டர் கணக்கில், தூரிகையும் கொத்துக்கரண்டியுமாகப் பல பருவங்கள் தோண்டினார்கள். ஒவ்வொரு கல்லும் எந்த ஆழத்தில், எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்று குறித்துக்கொண்டார்கள்.

அடியில் இருந்த களிமண் அடுக்கில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. ஆற்று வெள்ளம் மெதுவாகப் பரவிப் படிய வைத்த நைசான களிமண் அது. அப்படிப்பட்ட மண்ணில் இயற்கையாகப் பெரிய கல் இருக்காது, மெதுவான தண்ணீரால் கல்லைச் சுமந்து வர முடியாதே. ஆகவே அந்தக் களிமண்ணில் கிடைக்கும் ஒவ்வொரு பெரிய கல்லும் யாரோ கையில் தூக்கிக்கொண்டு வந்தது. அருகில் அல்லிக்குழி மலைப் பக்கம் குவார்ட்சைட் உருண்டைக் கற்கள் ஏராளம். அங்கேயே பெரிய சில்லுகளாக உடைத்து, அந்தச் சில்லுகளை இங்கே எடுத்து வந்து, இங்கே உட்கார்ந்து கைக்கோடரியாகச் செதுக்கி முடித்திருக்கிறார்கள். அதாவது முன்னேற்பாடு இருந்திருக்கிறது. ‘அங்கே கல் கிடைக்காது, போகும்போதே எடுத்துக்கொள்’ என்கிற யோசனை. சந்தைக்குப் போகும்போது பை எடுத்துப் போக மறந்துவிடும் என்னைப் போன்றவர்களைவிட அவர்கள் தேவலை.

அதே களிமண்ணில் விலங்குகளின் கால் தடங்களும் புதைபடிவப் பற்கள் சிலவும் கிடைத்தன. பற்கள் மாட்டினத்தையும் குதிரையினத்தையும் சேர்ந்தவை. ஈரமான, திறந்த புல்வெளி. தண்ணீருக்கு வரும் மிருகங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் கல் செதுக்கிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம். அவர்கள் யார்? அங்கே மனித எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. காலத்தை வைத்துப் பார்த்தால் நம்மைப் போன்ற இன்றைய மனிதராக இருக்க முடியாது. நமக்கு முந்தைய, ஹோமோ எரக்டஸ் என்னும் மனித இனமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அவர்கள் வீடு கட்டவில்லை, வேலி போடவில்லை. வந்தார்கள், தங்கினார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்ததால், அதையும் ஒரு குடியிருப்பு என்றே நான் சொல்வேன்.

சரி, வயதை எப்படிக் கணக்கிட்டார்கள்? பி பிளாக் நண்பர் ஒருவர் இதைக் கேட்டு என்னை விடவில்லை. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

மொட்டை மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்வரை இரண்டிலும் தண்ணீர் ஏறும். மோட்டாரை நிறுத்திவிட்டால் ஏறுவது நின்றுவிடும். ஆனால் இரண்டு தொட்டியிலும் கசிவு உண்டு, ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு வேகமாகக் கசிகிறது. கொஞ்ச காலம் கழித்து இரண்டிலும் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால், மோட்டார் எப்போது நின்றது என்று கணக்குப் போட்டுவிடலாம். தரையின் மேல் கிடக்கும் குவார்ட்சைட் கல்லில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் படாது, சேர்வது நின்றுவிடும். அலுமினியம்-26 சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும். பெரிலியம்-10 அப்படிக் குறைய ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டு பிடிக்கும். இரண்டின் மிச்சத்தையும் அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று தெரியும்.

அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகள் சிலவற்றை இப்படி அளந்ததில் கிடைத்த சராசரி 15 லட்சம் ஆண்டு. இன்னொரு சாட்சியும் இருந்தது. பூமியின் காந்த வடக்கு தெற்கு அவ்வப்போது தலைகீழாக மாறும். கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இந்தக் களிமண்ணின் காந்தப் பதிவு தலைகீழாக இருந்தது. அப்படியானால் அந்த மாற்றத்துக்கும் முன்பு படிந்த மண். இரண்டும் சேர்ந்து 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. எப்படிப் பார்த்தாலும் 10 லட்சம் ஆண்டுக்குக் குறையாது, சராசரி 15 லட்சம் என்பதே முடிவு. இந்தியாவில் கைக்கோடரிக் காலம் ஐந்தாறு லட்சம் ஆண்டுப் பழமை என்பதுபோல் பேசிக்கொண்டிருந்த கணக்கெல்லாம் அன்றைக்கு மாறிவிட்டது.

2018-இல் இன்னொரு அதிர்ச்சி, இந்தமுறை ‘நேச்சர்’ இதழில். மேல் அடுக்குகளில் கிடைத்த 7,200-க்கும் மேற்பட்ட கற்களை ஆராய்ந்தபோது, பெரிய கைக்கோடரிகள் மெல்ல மறைந்து, கல்லை முதலிலேயே தயார்செய்து தேவையான அளவில் சில்லு எடுக்கும் புதிய முறை வருவது தெரிந்தது. மண்ணின் மணல் துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று அளக்கும் முறையால் அதன் காலத்தைக் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 3,85,000 ஆண்டு முதல் 1,72,000 ஆண்டு வரை. இந்த நுட்பத்தை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இன்றைய மனிதர்கள் சுமார் ஒன்றேகால் லட்சம் ஆண்டுக்கு முன் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று பலர் நம்பியிருந்தார்கள். அத்திரம்பாக்கம் அந்த வரிசையைக் குழப்பிவிட்டது. வந்தது யார், இங்கேயே வளர்ந்ததா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. முடியாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

இப்போது முன்பு தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். மண்ணுக்குள் அப்படியே பதிந்திருந்த கல் ஏன் முக்கியம்?

மேலே சொன்ன மூன்று கணக்குகளையும் பாருங்கள். ஒன்றுகூடக் கல்லின் அழகை வைத்துப் போட்டதில்லை. எந்த ஆழத்தில் இருந்தது, எந்த மண்ணில் இருந்தது, எவ்வளவு காலம் வெயில் படாமல் இருந்தது என்பதை வைத்தே எல்லாம். கல்லை மண்ணிலிருந்து பிடுங்கி ஷோகேஸில் வைத்துவிட்டால் அது அழகான கல், அவ்வளவுதான். அதன் வயதைச் சொல்லும் சாட்சி அது இருந்த இடத்தோடு போய்விடும். வீட்டுப் பத்திரத்தில் சர்வே எண்ணைக் கிழித்துவிட்டு மீதிக் காகிதத்தை வைத்துக்கொள்வது போல.

பல்லாவரமும் அத்திரம்பாக்கமும் ஒரே ஆண்டில், ஒரே மனிதரால், நான்கே மாத இடைவெளியில் கண்டுபிடிக்கப்பட்டவை. பல்லாவரம் நகரமாயிற்று. அங்கே 19-ஆம் நூற்றாண்டிலேயே சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்தன, ஆகவே கற்காலத்துக்குப் பிறகும் மக்கள் வாழ்ந்த இடம்தான். ஆனால் சரளை தோண்டினோம், குன்றை உடைத்து ஜல்லியாக்கினோம், தண்டவாளமும் சாலையும் வீடுகளும் வந்தன. புகழ்பெற்ற அந்த முதல் கல் கிடைத்த ஊரில் நின்றுகொண்டு அதன் வயதைக் கேட்டால் இன்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. அத்திரம்பாக்கத்தில் நிலம் பெரும்பாலும் சும்மா கிடந்தது. அதனால் ஃபூட் போய் 148 வருஷம் கழித்து, அவர் கனவிலும் நினைத்திராத கருவிகளோடு வந்தவர்களுக்கு அந்த மண் பதில் சொன்னது.

அதனால்தான் இதுபோன்ற இடங்களை அரசு பாதுகாக்கப்பட்ட தொல்லியல் களங்களாக வைத்திருக்கிறது. மத்திய அரசின் பட்டியலில் உள்ள களங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 2010-இல் வந்த திருத்தத்தின்படி, களத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் எதையும் செய்யலாம். மாநில அரசின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்குத் தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம்.

இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு முகம் சுளிக்கும், எனக்குத் தெரியும். பல்லாவரம் வட்டாரத்தில் பாதுகாப்பு எல்லைக்குள் வரும் மனைகளை வாங்கியவர்கள் கட்டட அனுமதிக்காகப் பல ஆண்டுகள் அலைந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கிய பிறகு, ‘இது தொல்லியல் எல்லை’ என்று ஒருவர் வந்து சொன்னால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறை சட்டத்தில் இல்லை. எல்லை எது என்று நிலத்தில் கல் நட்டு, வில்லங்கச் சான்றிதழிலேயே தெரியும்படி பதிந்து வைத்திருந்தால் இந்தச் சண்டையில் பாதி வந்திருக்காது. நகரம் வந்த பிறகு பாதுகாக்கப் பார்த்தால் பல்லாவரம் மாதிரி ஆகும். நகரம் வரும் முன்பே செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. திருவள்ளூர்ப் பக்கம் மனை விளம்பரங்கள் எவ்வளவு தூரம் போய்விட்டன என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் பார்த்தாலே தெரியும். அத்திரம்பாக்கத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை.

நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கொசஸ்தலை ஆற்றைத் தடுத்து 1944-இல் கட்டியதுதான் பூண்டி சத்தியமூர்த்தி சாகர். சென்னைக்குக் குடிநீர் தரும் முக்கியமான நீர்த்தேக்கங்களில் அது ஒன்று. அந்தக் கூட்டம் எந்த ஆற்றை நம்பி அங்கே தங்கியதோ, அதே ஆற்றைத்தான் இந்த நகரமும் நம்பியிருக்கிறது.

இன்னொன்று நடைமுறை விஷயம். நம் வளாகத்திலோ, ஊரில் உங்கள் சொந்த மனையிலோ ஆழ்துளைக் கிணறு, தொட்டி, அஸ்திவாரம் எதற்குத் தோண்டினாலும், பழைய தாழியோ, பேழையோ, விநோதமாகச் செதுக்கிய கற்கள் கும்பலாகவோ தென்பட்டால், வேலையாட்களை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். புதையல் சட்டம் 1878-லிருந்தே இதைத்தான் கேட்கிறது. எடுத்துக் கழுவி வைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் மண்ணும் சாட்சிதான். கிடந்த இடத்திலேயே இரண்டு மூன்று படம் எடுத்து வையுங்கள்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு நாள் போய்வரலாம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. இந்தப் பகுதியில் கிடைத்த கற்கருவிகளை அங்கே பார்க்கலாம். முதலில் அதைப் பார்த்துவிட்டு அத்திரம்பாக்கம் போனால்தான் ஏதாவது புரியும். நேராகப் போனால் பிள்ளைகள் ‘தாத்தா, இங்கே என்ன இருக்கு?’ என்று கேட்பார்கள், பதில் சொல்வது கஷ்டம். களத்தில் நிழல் அதிகம் கிடையாது, அதனால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். கண்ணில் படும் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடாது, பையில் போட்டுக்கொள்ளவே கூடாது. இதைப் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கும்தான்.

மழை விட்டபின், ஜனவரியில் ஒரு ஞாயிறு போகலாம் என்று யோசனை. வர விரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்பதைச் சங்க அலுவலகத்தில் உள்ள நோட்டில் எழுதி வையுங்கள். வேனா, பெரிய பஸ்ஸா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்வோம்.